எரிமலை கேட்ட பையனும் வெடுக்குநாறி மலையும்

வெள்ளி இரவு, நெடுங்கேணி

ஒக்லாந்திலிருந்து என் மாமி மகள் வந்திருக்கிறாள், பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஜூலையில் குளிர்கால விடுமுறை. வந்து சேர்ந்த அன்று, ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் பையன் என்னிடம் கேட்டான்: "மாமா, இங்க எந்த எரிமலையில ஏறலாம்?"

நான் வவுனியாவில் புவியியல் படிப்பிக்கிறவன். மழை, மண், குளம் என்று எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இலங்கையின் வடக்கே, இந்த வன்னியில் எரிமலை கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

பையனைக் குறை சொல்ல முடியாது. ஒக்லாந்து நகரமே எரிமலைகளின் மேல்தான் இருக்கிறது. நகருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள். இங்கே பிள்ளைகள் பின்னேரத்தில் குளக்கட்டுக்குப் போவதுபோல அங்கே எரிமலைக்குப் போகிறார்கள். இவனுக்குப் பிடித்தது ரங்கிட்டோட்டோ என்ற தீவு. துறைமுகத்தில் படகேறினால் இருபத்தைந்து நிமிடம். இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் 259 மீற்றர் உயரத்து உச்சி. ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள்ளிருந்து வெடித்துக் கிளம்பிய தீவு அது. அப்போதே பக்கத்துத் தீவில் மாவோரி மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். அங்கே விழுந்த சாம்பலில் மனிதர்களின் அடிகளும் நாய்களின் அடிகளும் பதிந்து, அப்படியே இறுகிக் கிடந்தனவாம். "நாயும் கூடவே போயிருக்கு மாமா" என்று அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அந்த நெருப்பு இப்போது உறங்குகிறது. திரும்ப எழும்பினால் பழைய வாய்களால் வருவதைவிடப் புதிதாக வேறோர் இடத்தைப் பிளந்துகொண்டு வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் கணிப்பு. தங்கள் வீட்டுப் பின்வளவிலும் வரலாம் என்று பையன் கொஞ்சம் ஆசையோடுதான் சொன்னான்.

சரி, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். இலங்கையில் எரிமலை கிடையாது. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு, கீழே எரிமலை இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கேயுள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். நமக்குக் கிட்டவாக உயிரோடிருக்கும் எரிமலை என்றால் அந்தமானின் பாரன் தீவு. அதற்கு வங்காள விரிகுடாவைத் தாண்ட வேண்டும். இதைக் கேட்டதும் பையனின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப சும்மா ஒரு மலையாவது?"

வன்னி தட்டை நிலம். வடக்கே போகப் போக இன்னும் தட்டை. ஆனாலும் காட்டுக்குள் அங்கங்கே கற்பாறைக் குன்றுகள் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் மலை என்று கேட்டால் ஆட்கள் முதலில் சொல்லும் பெயர்கள் இரண்டு: குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை. இரண்டுமே பத்திரிகையில் அடிக்கடி வருகிற பெயர்கள், ஏறுகிற சுகத்துக்காக அல்ல. சித்தப்பாவின் வீடு நெடுங்கேணியில் இருப்பதால் இரண்டாவதையே தெரிவு செய்தோம்.

பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் வான் வண்டியில் புறப்பட்டோம். ஏ9 வீதியில் புளியங்குளம் வரை ஓடி, அங்கே முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் வாகனங்கள் குறைந்து காடு கிட்ட வந்துவிடும். ஆனி மாதத்துச் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடித்தது. தெற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது அதில் ஈரமே இருப்பதில்லை. வீதியோரப் பற்றைகளெல்லாம் செம்புழுதி. மச்சாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, புழுதி என்றும் பாராமல் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். இந்தப் பாதையில் அவள் கடைசியாகப் போனது சின்ன வயதில், உழவு இயந்திரப் பெட்டியில், சாமான்களின் மேல் இருந்துகொண்டு. அது பயணம் அல்ல, இடப்பெயர்வு. அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கருவாட்டுப் பொரியலும். பையன் புட்டின் நிறத்தைப் பார்த்து முதலில் தயங்கினான், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே அவனுக்கு முன்கூட்டிப் பாடம் எடுத்தார்.

"தம்பி, யானை எண்டா பயப்பிட வேண்டாம். எங்கட சத்தம் கேட்டு அது விலத்திப் போகும். கரடிதான் பொல்லாதது. அதுக்குக் காதும் சரியில்லை, கண்ணும் சரியில்லை. பழம் தின்னுற கவனத்தில நிக்கும். கிட்டப் போன பிறகுதான் திடுக்கிட்டு முகத்தில பாயும். அதனால கதைச்சுக்கொண்டே நடக்க வேணும்."

"என்ன கதைக்கிறது தாத்தா?"

"எதையாவது. நீ எரிமலைக் கதை சொல்லு. கரடியும் கேக்கட்டும்."

சனி, வெடுக்குநாறி மலை

விடியற்காலை லாண்ட்மாஸ்ரர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாக்கு விரித்து ஏறினோம். தண்ணீர்ப் போத்தல்கள், பாணும் சம்பலும், பையனின் முதுகுப் பை, சித்தப்பாவின் காட்டுக் கத்தி. ஒலுமடுப் பக்கம் போய், வயல்களைத் தாண்டி, காட்டுப் பாதைக்குள் இறங்கியது வண்டி. வயல்களில் சிறுபோக நெல், குளத்துத் தண்ணீர் எட்டுகிற துண்டுகளில் மட்டும். மற்றதெல்லாம் அரிதாள் கட்டையோடு காய்ந்து கிடந்தது. ஓர் இடத்தில் யானை மின்வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது. கம்பியைக் கொழுக்கியிலிருந்து கழற்றி, வண்டி போனதும் திரும்ப மாட்டிவிட்டார் சித்தப்பா. வேலிக்கு எந்தப் பக்கம் யானை, எந்தப் பக்கம் நாம் என்று பையன் கேட்டான். அது நேரத்தைப் பொறுத்தது என்றார் அவர்.

குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு நடைதான். பெரிய ஏற்றம் எதுவும் இல்லாத மணற்பாதை. இரண்டு பக்கமும் பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. கோடையில் மற்ற இடங்களில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது வன்னிக் காட்டில் பாலையும் வீரையும் கரும்பச்சையாகவே நிற்கும். தடித்த சின்ன இலை, தண்ணீரை இறுக்கிப் பிடித்துவைக்கிற இலை. பாலைப்பழக் காலம் முடிகிற தறுவாய். இருந்தாலும் மரத்தடியில் மஞ்சள் பழங்கள் சிந்திக் கிடந்தன. பையன் நாலைந்தை ஒன்றாக வாயில் போட்டுவிட்டு, சற்று நேரத்தில் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். பாலைப்பழத்தின் பால் பிசின் மாதிரி ஒட்டும். "இனி கொஞ்ச நேரம் கதை குறையும்" என்றாள் மச்சாள்.

குறையவில்லை. பாதையோரத்தில் சித்தப்பா கத்தி நுனியால் காட்டிய ஒரு கும்பத்தைப் பார்த்ததும் இன்னும் கூடியது. கரடி எச்சம். அதற்குள் பளபளவென்று செம்பழுப்பு விதைகள், முழுக்கப் பாலை விதைகள். மேற்பரப்பு காய்ந்திருந்தது, கிளறினால் உள்ளே ஈரம். "நேற்று ராத்திரியான்" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் உரத்த குரலில்தான் பேசினோம். மச்சாள் தன் வேலையிடத்துக் கதைகளையெல்லாம் காட்டுக்குச் சொல்லி முடித்தாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பையன் ஒரு வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் பாதையை விட்டு இறங்கப் போனபோது சித்தப்பா போட்ட சத்தத்தில் நான்கூட நடுங்கிவிட்டேன். இந்தப் பாதையில் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். ஆனால் மிதிவெடிக் காலத்தில் பழகிய கால், காட்டுக்குள் தெரிந்த தடத்தை விட்டு விலகாது. வன்னியில் என் வயதுக்கு மேற்பட்ட எவரோடு நடந்தாலும் இதைப் பார்க்கலாம். சிறுநீர் கழிக்கக்கூடப் பாதையை விட்டு இறங்க மாட்டார்கள்.

மரங்களுக்கிடையில் திடீரென்று கறுப்பாக ஒரு சுவர். அதுதான் மலை. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே கிட்டப் போகிற வசதி வன்னியில் இல்லை. காடு மறைத்துக்கொண்டிருக்கும், முட்டிக்கொள்ளும் தூரத்தில்தான் காட்டும்.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினார் சித்தப்பா. மேலே இருப்பவர் ஆதிலிங்கேஸ்வரர். இந்த மலை செய்தியில் அடிபடுவதற்குக் காரணமும் அவர்தான். தொல்லியல் திணைக்களத்துக்கும் வழிபடுகிற மக்களுக்கும் இடையில் பல ஆண்டுகளாக இழுபறி. பாறையில் பழைய பிராமி எழுத்துகள் உண்டு. அதனால் இடம் தொல்லியலுக்கு உரியது என்பது ஒரு பக்கம், தலைமுறையாக விளக்கு வைக்கிறோம் என்பது மறுபக்கம். 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டுக் கிடந்தன. நீதிமன்றம் போய், ஏப்ரல் கடைசியில் மீண்டும் வைத்தார்கள். 2024 சிவராத்திரி இரவில் வழிபட வந்தவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்ச் 19 அன்று நீதிமன்றம் விடுவித்தது. வெளியூர்க்காரர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மலையில் ஏறும்போது யாராவது பெயர் ஊர் விசாரித்தால் ஏன் என்று விளங்கும்.

ஏற்றம் கடினம் அல்ல. முழங்கால் நோவுள்ள மச்சாளே நின்று நின்று ஏறிவிட்டாள். வெறுங்காலில் ஏறுவதுதான் வசதி. பாறையின் சொரசொரப்பு உள்ளங்காலைப் பிடித்துக்கொள்ளும். செங்குத்தான இடத்தில் இரும்பு ஏணி. அதில் மட்டும் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே பார்க்காமலிருந்தால் இன்னும் நல்லது. காலையிலேயே வந்தது புத்தி. பத்து மணி தாண்டினால் கல் காலைச் சுடும்.

பாதி ஏற்றத்தில் ஒரு சரிவில் இருந்தோம். பையன் உள்ளங்கையால் பாறையைத் தடவிக்கொண்டே, "இதுவும் கறுப்பாத்தானே இருக்கு. எரிமலைக் கல்லும் கறுப்பு" என்றான்.

இதற்காகத்தானே இருபது வருடம் படிப்பிக்கிறேன். கறுப்பு, கல்லின் நிறம் அல்ல. வெயிலிலும் மழையிலும் கிடந்த தோலின் நிறம், அதன் மேல் பாசியும் கற்பாசியும். புதிதாக உரிந்து விழுந்த இடத்தைக் காட்டினேன். வெங்காயத் தோல் மாதிரித் தகடு தகடாகக் கழருவது இந்தப் பாறைகளின் வழக்கம். கழன்ற இடத்தில் உள்நிறம் தெரிந்தது. சாம்பலும் மங்கிய இளஞ்சிவப்பும் மாறி மாறி வரி வரியாக, நடுவில் கறுத்த மைக்காத் துணுக்குகள் மினுங்கின. வரிகள் நேராக ஓடவில்லை. நெளிந்து, சில இடங்களில் மடிந்தே கிடந்தன. கல் ஒரு காலத்தில் மெதுமையாக இருந்ததற்கு அதுதான் சாட்சி.

இலங்கையின் அடிப்பாறையைப் புவிச்சரிதவியலாளர் பெரிய தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே வன்னித் தொகுதி. உலகத்து ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் வன்னி என்ற பெயர் இப்படித்தான் போய் இருக்கிறது, பாறையின் பெயராக. இந்தத் தொகுதியின் பாறைகளில் பெரும்பங்கு முதலில் உருகிய குழம்பாக இருந்தவை. ஏறக்குறைய 77 கோடி ஆண்டுகள் தொடக்கம் 110 கோடி ஆண்டுகள் வரை பழையவை. ஆனால் அந்தக் குழம்பு வெளியே வரவில்லை, நிலத்துக்கு அடியிலேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. பிறகு, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, பல கிலோமீற்றர் ஆழத்தில் மறுபடி வெந்து நசுங்கி இப்போதைய வரிகளை எடுத்தது. மேலே கிடந்தவை எல்லாம் மழையில் கரைந்து கடலுக்குப் போய்விட, கரையாத கடினக் கல் மட்டும் குன்றாக நிற்கிறது.

"அப்ப இது வெடிக்காத எரிமலை" என்றான் பையன்.

பரீட்சையில் இப்படி எழுதினால் முழுப் புள்ளி போட மாட்டேன். ஆனாலும் இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

அவன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். நெல்லிக்காய் அளவு, செங்கல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை. ஒக்லாந்தில் வீட்டுத் தோட்டங்களில் மண்ணுக்கு மேல் பரப்புகிற எரிமலைக் கல்லாம். வளவிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். கையில் வாங்கினால் எடையே இல்லை. வாயு குமிழி குமிழியாக வெளியேறும்போதே உறைந்துபோன கல் அல்லவா. போத்தல் மூடியால் அதன் மேல் தண்ணீர் விட்டான். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை, அப்படியே உள்ளே போய்விட்டது. பிறகு அதே மூடித் தண்ணீரை நாங்கள் இருந்த பாறையில் ஊற்றினான். அது ஒரு கோடாக இறங்கி, ஒரு பள்ளத்தில் திரும்பி, சித்தப்பாவின் காலடியை நனைத்துக்கொண்டு கீழே போனது.

ரங்கிட்டோட்டோவில் ஆறு இல்லை, ஓடை இல்லை. எத்தனை மழை பெய்தாலும் எரிமலைக் கல் குடித்துவிடும். ஏறுகிறவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆனாலும் கல்லிடுக்குகளில் வேர் விட்டுப் பொகுட்டுகாவா மரங்கள் ஒரு காடாகவே எழும்பியிருக்கின்றன. நம்முடைய கல் நேர்மாறு. மழையை உள்ளே விடாது, விழுந்ததையெல்லாம் அப்படியே கீழே அனுப்பிவிடும்.

இதைச் சித்தப்பாவுக்கு விளக்கப் போனேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது தெரியாமலே குளம் கட்டினவங்கள்? வா, மேல வந்து பார்."

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கும்பிட்டுவிட்டு, திறந்த பாறையின் ஓரமாக இருந்தோம். பக்கத்தில் ஒரு சுனை, நாலு வாளித் தண்ணீருக்கு மேல் இராது, பச்சைப் பாசி படிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி ஈரக் கைத்தடங்கள். குரங்குகள் எங்களுக்கு முதல் வந்து குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. இந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, கல் குடிக்காததால்.

கீழே எல்லாப் பக்கமும் காடு, விளிம்பு வரை. முதலில் பச்சையாக மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் பழகும். காட்டு நடுவே வெளிறிய திட்டுகள் தெரியும், அவை வயல்கள். ஒவ்வொரு வயல் திட்டுக்கும் மேற்புறத்தில் ஒரு மினுக்கம், அது குளம். சித்தப்பா தடியை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். மலையில் விழுகிற தண்ணீர் இந்தப் பள்ளத்தால் இறங்கி முதல் குளத்துக்கு. அது நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் வாய்க்காலோடு அடுத்த குளத்துக்கு. வயலுக்குப் பாய்ந்து வடிந்ததும் வீணில்லை, அதுவும் கீழ்க் குளத்தில் சேரும். மேல் குளத்துக்காரன் கலிங்கை உயர்த்திக் கட்டினால் கீழ்க் குளத்துக்காரன் சண்டைக்கு வருவான். அப்படி ஒரு சண்டையில் தன் தகப்பனாருக்கு மண்டை உடைந்த கதையையும் சொன்னார்.

நான் வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், எத்தனையோ வருடமாக. புளியங்குளம், கனகராயன்குளம் என்று வழியெல்லாம் குளத்தின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்த நிலம். ஆனால் குளக்கட்டில் நின்றால் ஒரு குளம்தான் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று மொத்தமாகப் பார்க்க இவ்வளவு உயரம் தேவைப்படுகிறது. மலைநாட்டுக்காரர்கள் இந்தக் குன்றைப் பார்த்தால் சிரிப்பார்கள், மலை என்று சொல்லவும் விடமாட்டார்கள். சிரிக்கட்டும். பிதுருதலாகலையில் நின்றால் வயலும் குளமும் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தெரியாது.

பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடுவில கிடங்கு இல்லையா?" ரங்கிட்டோட்டோவின் உச்சியில் அறுபது மீற்றர் ஆழத்தில் எரிமலை வாய் உண்டு, அதன் விளிம்பைச் சுற்றி நடக்கலாம். இங்கே கிடங்கு இல்லை, சுனைதான். அதில் காலை விட்டான், சித்தப்பா ஏசியதும் எடுத்துக்கொண்டான்.

பாணும் சம்பலும் தின்று, ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கினோம். இறக்கத்தில் ஏணியில் மட்டும் பின்பக்கமாக இறங்குங்கள். மச்சாள் கடைசிப் படிகளில் "முருகா" என்றாள். மேலே இருப்பவர் சிவன் என்று பையன் திருத்தினான். மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை. கரடி வரவில்லை.

ஞாயிறு, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு

இன்று வாகன ஓட்டம்தான். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, கற்சிலைமடுவில் சற்று நின்றோம். 1803 ஓகஸ்டில் பிரித்தானியரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் ட்ரிபேர்க் தோற்கடித்த இடம் இது என்று கல் நட்டிருந்தார்கள். வென்ற பக்கம் நட்ட கல்லை வைத்துத் தோற்றவனை நினைவுகூருகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் தெரியாது. பையனுக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. அவன் எங்கே போனாலும் கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

முத்தையன்கட்டுக் குளம் அவனுக்குப் பிடித்தது. பேராற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம். கோடையில் நீர் இறங்கி, அலைகரையில் பட்ட மரங்கள் நின்றன, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்தன. நேற்று மேலிருந்து பார்த்த மினுக்கம் கிட்டப் போனால் இவ்வளவு பெரிதா என்று கேட்டான். நேற்றுப் பார்த்தவை சின்னக் குளங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு முல்லைத்தீவுக் கடற்கரை. சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை அடங்கியிருந்தது. படகுகள் கரையில் இழுத்துவிடப்பட்டிருந்தன. மச்சாள் மணலில் இருந்து, 2004 சுனாமியைப் பற்றிப் பையனுக்குச் சொன்னாள். முழுக்க அல்ல, கொஞ்சம்.

அவன் என்னிடம் திரும்பினான். "அது எரிமலையாலயா வந்தது?"

இல்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியதால் வந்தது, 9.1 அளவு. ஆனால் கேள்வி அவ்வளவு பிழையும் அல்ல. இந்து சமுத்திரத்தின் அடித்தட்டு சுமாத்திரா, யாவாப் பக்கமாகக் கீழே வழுக்கி இறங்குகிறது. இறங்குகிற தட்டினால்தான் அங்கே வரிசையாக எரிமலைகள். அதே தட்டு இறுகிப் பிடித்து, ஒரு நாள் நழுவியதால்தான் டிசம்பர் 26 காலையில் இந்தக் கரைக்குக் கடல் ஏறியது. அதற்கு முன் 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் இலங்கைக் கரைக்கு வந்திருக்கிறது, சிறிதாக. எரிமலை இல்லாத தீவுதான் இது, ஆனால் அந்த நெருப்பு வரிசைக்கு நேர் எதிரே கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. மலையில் நின்று கல்லின் வயதைச் சொன்னபோது எனக்கு இருந்த உற்சாகம் இதைச் சொல்லும்போது இல்லை. இந்த ஊரில் அந்த அலையில் ஆளை இழக்காத வீடு தேடித்தான் பார்க்க வேண்டும். மச்சாளுக்கும் ஒரு சிநேகிதி இருந்தாள்.

கருவாடு வாங்கினோம். ஒக்லாந்து விமான நிலையத்தில் விடுவார்களோ என்று தெரியாமலே மச்சாள் இரண்டு கிலோ வாங்கினாள். மிச்சம் எனக்காம்.

வெடுக்குநாறிக்கு எப்படிப் போவது என்று கேட்கிறவர்களுக்கு: வவுனியாவிலிருந்து புளியங்குளம் வழியாக முல்லைத்தீவு போகிற பஸ்ஸில் நெடுங்கேணியில் இறங்கலாம். அங்கிருந்து ஒலுமடுப் பக்கம் சொந்த வாகனம் வேண்டும், மழைக்காலமென்றால் உழவு இயந்திரம்தான். ஊரில் ஒருவரைக் கேட்டு, அந்த நேரத்து நிலைமையை அறிந்து, அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை. எழுத்து வெட்டிய பாறையில் கை வைக்கவோ சுண்ணாம்பு தடவிப் படம் எடுக்கவோ வேண்டாம். நாங்கள் போனது கோடையில், அதனால் குளங்கள் பாதிதான். மாரி மழை ஓய்ந்து, பாதை காய்ந்து, குளங்கள் தளும்பி நிற்கிற மாசி மாதத்தில் போனால் மேலிருந்து பார்க்க இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார் சித்தப்பா. அப்போது பாலைப்பழம் கிடைக்காது.